சாலைக் காரை டிராக் ரேஸில் ஓட்டச் சரியான டயர் காற்றழுத்தத்தைக் கண்டறிவது எப்படி?

டிராக் ரேஸ் என்பது நின்ற நிலையிலிருந்து கிளம்பி, குறுகிய நேர்த் தடத்தை யார் விரைவில் கடக்கிறார்கள் என்று பார்க்கும் பந்தயம். அதன் தடத்துக்குத் தம் சாலைக் காரை முதன்முறையாகக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, டயரில் எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) வைக்க வேண்டும் என்பதைத்தான். கேள்வி நியாயமானதே, ஆனால் அதற்கு ஒரே எண்ணில் விடை கிடையாது. காரின் எடை, எந்தச் சக்கரங்களுக்கு எஞ்சின் விசை போகிறது, டயர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, ரிம் எவ்வளவு அகலம், தடத்தின் பரப்பு எப்படி இருக்கிறது, அன்றைய வெயில் எவ்வளவு என்பவை எல்லாம் சேர்ந்தே அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு கார்களுக்குக்கூடச் சரியான அழுத்தம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ வேறுபடலாம். எனவே பக்கத்துக் கார்க்காரர் சொல்லும் எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் காருக்கு உரிய எண்ணை ஓட்டத்துக்கு ஓட்டம் அளந்து நீங்களே கண்டறிய வேண்டும்.

தொடங்கும் முன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே குறிப்பிடப்படும் குறைந்த அழுத்தங்கள், பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் பந்தயத்துக்கென்றே அமைந்த மூடிய தடத்தில், நேர்க்கோட்டில், சில நொடிகள் ஓடுவதற்கு மட்டுமே உரியவை. அதே அழுத்தத்துடன் பொதுச் சாலையில் செல்வது டயர் வெடிப்பதில் முடியலாம்.

காற்றைக் குறைத்தால் டயரில் என்ன நடக்கிறது

ஒரு டயர் சுமக்கும் எடையை அதன் காற்றழுத்தத்தால் வகுத்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். 400 கிலோ சுமக்கும் டயரில் 32 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.25 கிலோ அழுத்தம் இருந்தால், தொடு பரப்பு சுமார் 178 சதுர சென்டிமீட்டர். அதையே 24 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் கணக்குப்படி 237 சதுர சென்டிமீட்டர் வரும். பக்கச்சுவரும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் உண்மையில் இவ்வளவு பெரிதாக வளராது. வளரும் திசை மட்டும் இதுவே. ரப்பரைப் பொறுத்தவரை, அதே எடை பரந்த இடத்தில் பரவி அமரும்போது பிடிப்பு கூடுகிறது. அத்துடன், காற்று குறைந்த பக்கச்சுவர் சற்று வளைந்து கொடுப்பதால், கிளட்சை விட்ட நொடியில் எஞ்சின் தரும் அதிர்ச்சி அப்படியே தரைக்குப் போகாமல் மென்மையாகச் சென்றடைகிறது. தொடக்கக் கோட்டில் டயர் வெறுமனே சுழலாமல் காரை முன்னே தள்ளுவதற்கு இவ்விரண்டும் காரணம்.

இதிலிருந்து ‘குறைக்கக் குறைக்க நல்லது’ என்ற முடிவுக்கு வருவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் காணும் பிழையான எண்ணம். இன்றைய சாலை டயர்கள் அனேகமாக எல்லாமே ரேடியல் வகை, அதாவது உள்ளிழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடுபவை. தரையைத் தொடும் ரப்பர் பகுதியான டிரெட்டுக்கு அடியில் எஃகுப் பட்டை ஓடுகிறது. காற்றைக் குறைக்கும்போது இவற்றின் தொடு பரப்பு அகலத்தில் வளர்வதைவிட நீளத்தில்தான் வளர்கிறது. ஓர் எல்லைக்குக் கீழே போனால், காற்றின் தாங்குதலை இழந்த டிரெட்டின் நடுப்பகுதி உள்வாங்கி, இரண்டு ஓரங்கள் மட்டுமே எடையைச் சுமக்கத் தொடங்கும்; கூட்ட நினைத்த பிடிப்பு அங்கே குறைகிறது. அதோடு உருளும் தடை கூடி வேகம் குறையும். வளைந்து நெளியும் பக்கச்சுவர் சூடேறும். தடத்தின் மறுமுனையில், கார் தன் உச்ச வேகத்தில் இருக்கும்போது பின்பகுதி அலையத் தொடங்கும். ஆகவே நாம் தேடுவது மிகக் குறைந்த எண்ணையன்று, இந்த இரண்டு விளைவுகளும் சந்திக்கும் இடத்தை.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தாலும், டிரெட்டில் ஆணி குத்தி ஒட்டுப் போட்ட இடம் இருந்தாலும் அந்த டயரில் காற்றைக் குறைத்து ஓட்டக் கூடாது. பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆண்டுகள் கூடக்கூட ரப்பர் இறுகிவிடும். இறுகிய ரப்பருக்கு எந்த அழுத்தமும் பிடிப்பைத் திருப்பித் தராது.

அடுத்து, இரண்டு எண்களை வேறுபடுத்தி அறிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள எண், காரின் உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் குளிர்ந்த நிலை அழுத்தம். பல கார்களில் இது 30 முதல் 36 பிஎஸ்ஐ வரை இருக்கும். டயரின் பக்கச்சுவரில் உள்ள எண், அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம்; 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். முதல் எண் நமக்குத் தொடக்கம். இரண்டாவது எண் எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாத மேல் எல்லை.

கருவிகளில் செலவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: நல்ல பிரஷர் கேஜ். அரை பிஎஸ்ஐ வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவதும், பொத்தானை அழுத்திச் சிறிது சிறிதாகக் காற்றை வெளியேற்ற வசதி உள்ளதுமான முள் கேஜ் ஒன்றை வாங்குங்கள். முள் கேஜ்கள் பொதுவாகத் தம் அளவுகோலின் நடுப்பகுதியிலேயே துல்லியமாகக் காட்டும் என்பதால், சாலை டயருக்கு 0 முதல் 60 வரை உள்ளதும், பந்தய டயருக்கு 0 முதல் 30 வரை உள்ளதும் பொருந்தும். இரண்டு கேஜ்கள் ஒரே டயரில் ஒரு பிஎஸ்ஐ வேறுபட்டுக் காட்டுவது சாதாரணம். அதனால் எப்போதும் உங்கள் சொந்தக் கேஜையே பயன்படுத்துங்கள், அதைக் கீழே போடாமல் காப்பாற்றுங்கள், கம்ப்ரஸரில் இணைந்து வரும் கேஜை நம்பி எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள். இதைத் தவிர காரின் 12 வோல்ட் இணைப்பில் ஓடும் சிறிய கம்ப்ரஸர், வெள்ளைச் சாக்பீஸ், ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். கம்ப்ரஸர் இல்லாமல் தடத்துக்குப் போகவே கூடாது. காற்றை இறக்க ஒரு விரல் போதும். திரும்ப ஏற்ற அது இல்லாமல் முடியாது.

எந்த டயருக்கு எங்கிருந்து தொடங்குவது

சாதாரணச் சாலை டயர் என்றால், அதுவும் பக்கச்சுவர் உயரம் குறைவான டயர் என்றால், காற்றைக் குறைப்பதால் கிடைக்கும் பலன் சிறியதாகவே இருக்கும். கதவு அட்டையில் உள்ள எண்ணில் தொடங்கி, இரண்டு இரண்டு பிஎஸ்ஐ ஆகக் குறைத்துப் பாருங்கள். இவ்வகை டயர்களில் பல 24 முதல் 28 பிஎஸ்ஐக்குள் தம் சிறந்த இடத்தைக் காட்டிவிடும். அதற்கும் கீழே போவதில் நேரம் குறைவதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இருபதுக்குக் கீழே சாலை டயரைக் கொண்டுபோவதைப் புதியவர்கள் செய்யவே வேண்டாம். அந்த நிலையில் தட முடிவில் திரும்பும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும் அபாயம் உண்டு.

டிராக் ரேடியல் எனப்படும் டயர்கள் வேறு ரகம். சாலையில் ஓட்டும் அனுமதியுடன் வருபவை ஆயினும், மென்மையான ரப்பரும் வளைந்து கொடுக்கும் பக்கச்சுவரும் கொண்டவை. மிக்கி தாம்சன், நிட்டோ, ஹூசியர் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. தயாரிப்பாளர் தம் டயருக்கெனத் தரும் பரிந்துரையை முதலில் படியுங்கள். பொதுவாக 20 பிஎஸ்ஐயில் தொடங்கி ஒவ்வொரு பிஎஸ்ஐ ஆகக் குறைப்பது பாதுகாப்பான வழி. 15க்கும் 20க்கும் இடையே பெரும்பாலான சாலைக் கார்கள் நின்றுவிடும். எடை கூடிய காருக்கு அந்த இடைவெளியின் மேற்பகுதியும், இலகுவான காருக்குக் கீழ்ப்பகுதியும் பொருந்தும். அகலமான ரிம் டிரெட்டைத் தட்டையாக இழுத்துப் பிடிக்கும். குறுகிய ரிம் அதை நடுவில் உப்பச் செய்யும். ஆகவே டயருக்குக் குறுகலான ரிம் போட்டிருப்பவருக்குச் சற்றுக் குறைந்த அழுத்தம் தேவைப்படலாம்.

பட்டன், அதாவது டிரெட்டில் வெட்டிய பள்ள வடிவம், இல்லாத வழவழப்பான ஸ்லிக் டயர்களில், குறிப்பாக உள்ளிழைகள் சாய்வாக ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிடும் பயாஸ் பிளை வகையில், அழுத்தம் இவற்றைவிடக் குறைவாக இருக்கும். அவற்றுக்குரிய முறை தனியாகக் கற்க வேண்டியது. இங்கே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: பின்னால் பயாஸ் பிளையும் முன்னால் ரேடியலும் போட்டு ஓட்டினால், இரண்டும் பக்கவாட்டு விசைக்கு வெவ்வேறு விதமாக வளைவதால், அதிவேகத்தில் கார் நிலைகுலையக்கூடும்.

தடத்தில் முதல் ஓட்டம்

முதல் ஓட்டத்தில் அழுத்தத்தைத் தொடாதீர்கள். கதவு அட்டை எண்ணிலேயே ஓடி ஒரு நேரச் சீட்டைக் கையில் வாங்குங்கள். கால் மைல் தடத்தில், அதாவது 402 மீட்டரில், அந்தச் சீட்டு 60, 330, 660, 1000, 1320 அடி ஆகிய இடங்களில் உங்கள் நேரத்தைக் காட்டும். டயர் அழுத்தத்தைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய வரி, 60 அடி நேரம். 18 மீட்டருக்கும் சற்றே கூடுதலான அந்தத் தொலைவில் எஞ்சினின் முழுத் திறனைவிடப் பிடிப்பே முடிவைத் தீர்மானிக்கிறது. அங்கே பத்தில் ஒரு நொடி மிச்சப்படுத்தினால், தட முடிவில் அதைவிடக் கூடுதலாக, பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை மிச்சமாகும் என்பது டிராக் ரேஸ் ஓட்டுபவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. பச்சை விளக்குக்கு நீங்கள் எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டினீர்கள் என்பது இந்த நேரத்தில் சேராது. முன் டயர் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு விலகிய கணத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. ஆகவே தாமதமாகக் கிளம்பியதற்காக ஓர் ஓட்டத்தின் அளவைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

தொடக்கக் கோட்டுக்கு முன், பந்தய டயர்களை நனைத்துச் சுழற்றுவதற்கென உள்ள நீர்ப் பகுதியில், பட்டன் உள்ள சாலை டயருடன் நுழையாதீர்கள். பட்டன் பள்ளங்கள் நீரை அள்ளிக்கொண்டுபோய்த் தொடக்கக் கோட்டில் கொட்டும். உங்களுக்கும் சறுக்கும், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் சறுக்கும். நீரைச் சுற்றிப் போய், உலர்ந்த இடத்தில் ஓரிரு நொடிகள் சக்கரத்தைச் சுழற்றி, ஒட்டியிருக்கும் தூசியையும் சிறு கற்களையும் நீக்கினால் போதும். டிராக் ரேடியலுக்குச் சற்றுக் கூடுதலான பர்ன் அவுட், அதாவது டயர் சூடேறும்படி சக்கரத்தைச் சுழற்றுவது, வேண்டும். மெல்லிய புகை எழத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். முக்கியமானது என்னவெனில், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சுழற்றுவதுதான். ஒரு முறை இரண்டு நொடி, மறுமுறை ஆறு நொடி என்று சுழற்றினால், டயரின் வெப்பமும் அதனுடன் அழுத்தமும் மாறிவிடும். நேரம் மாறியதற்கு எது காரணம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கிளம்பும் எஞ்சின் சுழற்சி வேகத்துக்கும், கிளட்சை விடும் விதத்துக்கும் இதே விதி பொருந்தும்.

குறைத்து, அளந்து, திரும்பிப் பார்த்தல்

இரண்டாவது ஓட்டத்துக்கு முன் எஞ்சின் விசை போகும் இரண்டு டயர்களிலும் இரண்டு பிஎஸ்ஐ குறையுங்கள். இடதும் வலதும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும்; ஒன்று குறைந்தால் அந்தப் பக்கத்து டயரின் உருளும் சுற்றளவும் குறைந்து, கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஓடி முடித்ததும் அழுத்தம், 60 அடி நேரம், இறுதி நேரம், இறுதி வேகம், கார் நேராகப் போனதா என்பதை உடனே எழுதுங்கள். பிறகு மறுபடி இரண்டு பிஎஸ்ஐ குறைத்து ஓடுங்கள்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்வோம். 32 பிஎஸ்ஐயில் 60 அடி நேரம் 2.20 நொடி, 30இல் 2.14, 28இல் 2.09, 26இல் 2.10, 24இல் 2.16 என்று வருகிறது. இந்தக் காரின் இடம் 26க்கும் 28க்கும் நடுவில் இருக்கிறது. இனி ஒரு பிஎஸ்ஐ, அரை பிஎஸ்ஐ எனச் சிறு படிகளில் தேடலாம். நேரம் மோசமாகத் தொடங்கும் வரை குறைத்துப் பார்த்தால்தான் சிறந்த இடம் எது என்று உறுதியாகும். 28இல் நிறுத்திவிட்டவருக்கு அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் விட்டுவிடும் ஒரு படி உண்டு, அதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். காலையில் தூசியுடன் இருந்த தடம், பல கார்கள் ஓடி ரப்பர் படியப் படிய மதியத்துக்குள் மேம்படலாம். கடும் வெயிலில் மேற்பரப்பு வழுக்கத் தொடங்கி மோசமாகவும் ஆகலாம். ஆகவே உங்கள் நேரம் குறைந்தது காற்றைக் குறைத்ததாலா, தடம் மேம்பட்டதாலா என்று தெரிய, நடுவில் ஒரு முறை முந்தைய அழுத்தத்துக்குத் திரும்பி ஓடிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன காரில் 32க்குத் திரும்பியபோது மறுபடி 2.20 வந்தால் பலன் அழுத்தத்தால் வந்தது, 2.12 வந்தால் அதில் பெரும்பகுதி தடம் தந்தது. ஓர் ஓட்டம் வீணாகிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள், தவறான எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை குழம்புகிறார்கள்.

எந்த அழுத்தத்திலும் டயர் வெறுமனே சுழன்றுகொண்டே இருந்தால் குறை டயரில் இல்லை. கிளம்பும்போது எஞ்சின் சுழற்சியைக் குறையுங்கள், ஆக்சிலரேட்டரைச் சற்று மெதுவாக அழுத்துங்கள், அதன் பிறகு அழுத்தத்துக்கு வாருங்கள். அதற்கு எதிராக, டயர் சிறிதும் சுழலாமல் எஞ்சின் திணறி அடங்கினால் பிடிப்பு போதுமான அளவு இருக்கிறது. காற்றை மேலும் குறைப்பதால் ஒரு பயனும் இல்லை. 60 அடி நேரம் குறைந்தும் இறுதி வேகம் சரிந்தால், உருளும் தடை கூடிவிட்டது என்று பொருள். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ திரும்ப ஏற்றுங்கள். தட முடிவில் கார் மிதப்பது போலவோ அலைவது போலவோ தோன்றினால், நேரச் சீட்டு என்ன சொன்னாலும் காற்றை ஏற்றிவிட வேண்டும்.

டயரைப் பார்த்துப் புரிந்துகொள்ளுதல்

நேரச் சீட்டுடன் டயரின் மேற்பரப்பையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் டிரெட்டின் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை, சாக்பீஸால் அகலமாக ஒரு கோடு போட்டு, மெதுவாகச் சில மீட்டர் நேராக உருட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு முழு அகலத்திலும் சமமாக அழிந்திருந்தால் டயர் தட்டையாக அமர்கிறது. நடுவில் மட்டும் அழிந்து ஓரங்களில் மிஞ்சியிருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடுவில் மிஞ்சியிருந்தால் காற்று குறைவு. பர்ன் அவுட்டுக்குப் பிறகு தரையில் பதியும் கறுப்புத் தடமும் இதே செய்தியைத் தரும்; அதன் இரு ஓரங்கள் கறுத்து நடு வெளிறியிருந்தால் மேலும் குறைக்காதீர்கள். இன்னொரு கோட்டை டயரிலிருந்து ரிம் வரை தொடர்ச்சியாகப் போட்டு வையுங்கள். ஓட்டத்துக்குப் பின் அந்தக் கோடு இரண்டாக விலகியிருந்தால், டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றுகிறது, காற்றைக் கூட்டுங்கள்.

மற்ற இரண்டு சக்கரங்கள்

பின்சக்கர இயக்கக் காரில், விசை போகாத முன் டயர்களில் சில பிஎஸ்ஐ கூட்டினால் உருளும் தடை சிறிது குறையும். அதன் பலன் நொடியின் நூற்றில் சில பங்குகள் மட்டுமே. தட முடிவில் காரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த முன் டயர்கள்தாம் என்பதால், கதவு அட்டை எண்ணைவிட நான்கைந்து பிஎஸ்ஐக்கு மேல் கூட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. முன்சக்கர இயக்கக் காரில், கிளம்பும்போது எடை பின்னோக்கிச் சாய்ந்து முன் டயர்களின் மேல் உள்ள சுமை குறைகிறது. ஆகவே அங்கே குறைக்க வேண்டியவை முன் டயர்கள், சற்றுக் கூட்டலாம் என்பவை பின் டயர்கள். நான்கு சக்கர இயக்கக் காரில் நான்கையும் ஒன்றாகக் குறையுங்கள். முன்னும் பின்னும் உருளும் சுற்றளவு பெரிதாக வேறுபட்டால், இரண்டு அச்சுகளுக்கும் விசையைப் பங்கிடும் அமைப்பு பாதிக்கப்படும்.

வெயிலும் வெப்பமும்

சாலை அழுத்தத்தில் உள்ள டயரின் உட்காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடானால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ உயரும். நாம் தேடும் வேறுபாடே இரண்டு பிஎஸ்ஐ என்னும்போது, இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவன்று. வரிசையில் காத்திருக்கும்போது வெயில் படும் பக்கத்து டயர் மட்டும் சூடேறி, சமமாக வைத்த இரண்டு டயர்களும் வேறுபட்டுவிடும். வெளிர் நிறத் துணியால் அந்தப் பக்கத்து டயரை மூடி வையுங்கள். வரிசையில் உங்கள் முறை நெருங்கும்போது மறுபடி அளந்து சமப்படுத்துங்கள். ஓர் ஓட்டம் முடிந்த சூட்டிலேயே அளந்து குறைத்துவிட்டு, டயர் ஆறிய பின் ஓடினால், நீங்கள் எண்ணியதைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைவாக ஓடுவீர்கள். எனவே அளக்கும் நேரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, அப்போது டயர் சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்பதையும் எண்ணின் பக்கத்தில் எழுதுங்கள். நைட்ரஜன் நிரப்பினாலும் வெப்பத்தால் அழுத்தம் உயர்வது மாறாது. அதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

தடத்தை விட்டுக் கிளம்பும் முன்

கடைசி ஓட்டம் முடிந்ததும், வேறு எதையும் மூட்டை கட்டும் முன், கம்ப்ரஸரை எடுத்துக் கதவு அட்டை எண்ணுக்கு எல்லா டயர்களையும் நிரப்புங்கள். டயர் சூடாக இருப்பதால் அந்த எண்ணுக்கு மேல் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக வைப்பது நல்லது. காற்று குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் பல கிலோமீட்டர் ஓடும்போது பக்கச்சுவர் இடைவிடாமல் மடங்கி விரிந்து உள்ளே சூடாகி, கட்டமைப்பே பிரிந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கடைசி வரை தெரியாது. பல கார்களில் எரியும் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு, நிரப்பிய பின் தானாக அணையாவிட்டால், காரின் கையேட்டில் சொல்லியபடி அதை மீட்டமைக்க வேண்டும். கூடவே, ஓட்டத்துக்காக அழுத்தம் கூட்டி வைத்திருந்த, விசை போகாத டயர்களில் கூடுதல் காற்றை இறக்க மறக்காதீர்கள். மறுநாள் காலையில் காரை நகர்த்தும் முன், டயர்கள் முழுவதும் ஆறிய நிலையில், நான்கையும் மீண்டும் ஒரு முறை அளந்து கதவு அட்டை எண்ணுக்குச் சரிசெய்யுங்கள். அப்போது ஏதேனும் ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிடக் காற்று இறங்கியிருந்தால், வால்வு, டயரின் விளிம்பு, டிரெட் ஆகிய மூன்றிலும் சோப்பு நீர் தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பந்தய நாளுக்கு அந்த டயரைக் கொண்டுசெல்ல வேண்டும்.